டேப்ஸ்ட்ரிக்குக் காசு யாருக்கு? வரைகிறவருக்கா, நெய்கிறவருக்கா?

பிப்ரவரி 3, காலை (வாசகர் கேள்வி)

"கொடைக்கானலில் வீடு வைத்திருக்கும் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். டேப்ஸ்ட்ரி என்கிற பழைய சித்திர நெசவில் இன்றைய ஓவியர்கள் புதிதாக ஏதாவது செய்ய உதவலாம் என்று ஆசை. ஓர் ஓவியரை மூன்று மாதம் இங்கே தங்கவைத்து, உதவித்தொகை கொடுத்து, டிசைன் வாங்குவது திட்டம். நெசவு கடைசி வேலைதானே, பிரிண்ட் எடுப்பது மாதிரி யாரிடமாவது கொடுத்துக்கொள்ளலாம். நீங்கள் மலையில் தறி போட்டிருப்பதாகக் கேள்வி. என்ன சொல்கிறீர்கள்?"

பிப்ரவரி 3, இரவு

பிரிண்ட் எடுப்பது மாதிரியா! மத்தியானம் இதைப் படித்துவிட்டு உலையில் அரிசி போட மறந்துபோனேன்.

கணக்கே சொல்கிறேன். போன வருஷம் நான் நெய்த துண்டு 60 சென்டிமீட்டர் அகலம், 90 உயரம். ஐந்து வாரம் ஆச்சு, வாரத்துக்கு ஆறு நாள். பாவு (தறியில் நீளவாட்டில் கட்டுகிற நூல்) ஓட்டினது, சாயம் காய்ச்சினது, நூல் சுற்றினது இதில் சேராது. நான் கற்றுக்குட்டி, கை மெதுவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸில் ஓபுசோன் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக இதே வேலையாக இருக்கிறவர்களுக்குக்கூட ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய ஒரு மாதம் பிடிக்கும். நுணுக்கம் கூடினால் மேலே போகும். உங்கள் ஓவியர் மூன்று மாதத்தில் பெரிதாக ஏழெட்டு டிசைன் போட்டுத் தந்தால், நெய்கிறவளுக்கு ஒரு வருஷம் ஓடிவிடும். அந்த வருஷம் அவள் வீட்டு அடுப்பு எப்படி எரியும்? உங்கள் திட்டத்தில் அந்த வரி இல்லை.

பிப்ரவரி 4

"டேப்ஸ்ட்ரி என்றால் சுவரில் மாட்டுகிற துணிதானே, அதுக்கு எதுக்கு இத்தனை கோபம்" என்று ஒருவர். சரி, அடியிலிருந்து வருவோம்.

பாவுக்குக் குறுக்கே போகிற நூல் ஊடை. சாதாரணத் துணியில் அந்த ஊடையைச் சுமக்கிற நாடா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடும். இதில் ஓடாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல்கண்டு. சிவப்பு தன் எல்லை வரை போய்த் திரும்பிவிடும், பக்கத்தில் நீலம் தன் எல்லை வரை வந்து திரும்பும். ஊடை நெருங்கி விழுந்து பாவை முழுக்க மூடிவிடும். எம்பிராய்டரியில் பூவைப் பிரித்தால் துணி மிஞ்சும். இதில் பூவைப் பிரித்தால் அந்த இடத்தில் வெறும் பாவு நூல்தான் நிற்கும்.

நான் பவானிக்காரி. கல்யாணமாகிக் கொடைக்கானல் மலையில் பூம்பாறைப் பக்கம் வந்து இருபத்திரண்டு வருஷம். எங்கள் வீட்டில் ஜமக்காளத் தறி. அகல ஜமக்காளம் என்றால் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே குழித்தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அதிலும் தடித்த ஊடை பாவை மூடிவிடும், பட்டை பட்டையாக நிறம் மாறும். நான் டேப்ஸ்ட்ரியை முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது "இது நம்ம ஜமக்காளத்துக்குப் பெரியம்மா மகள்" என்று தோன்றியது அதனால்தான்.

இன்னொன்று. பவானியில் ஜமக்காளம் ஆதிகாலத்துச் சரக்கு கிடையாது. சீமைத் துணி வந்து இறங்கி, கைத்தறித் துணி விலைபோகாமல் திணறினபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் அங்கே இருந்த ஜங்கமர் நெசவாளிகள் பிடித்த புது வழி அது. அதுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கொடுத்து மரபு என்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். ஆகவே "மரபில் புதுசு புகலாமா" என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. புகட்டும். கூலியோடு புகட்டும்.

பிப்ரவரி 4, மாலை

மேலே எழுதினதில் ஒரு திருத்தம். நம் பக்கத்தில் இந்த வித்தை இல்லவே இல்லை என்பது போலத் தொனித்துவிட்டது. காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் மூன்று நாடா ஓடும், உடல் ஊடையும் கரை ஊடையும் எல்லையில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்பும். மகாராஷ்டிரத்துப் பைத்தணி முந்தானை முழுக்க இதே முறைதான். காஷ்மீரத்துக் கானிச் சால்வையும் நாடா இல்லாமல் சின்னச் சின்னக் குச்சிகளில் நூல் சுற்றி நெய்வது. தெரிந்தே விட்டுவிட்டேன், கோபத்தில்.

பிப்ரவரி 7

இப்போது என் சொந்தக் கதை. இரண்டு வருஷம் முன்னால் ஊர்ப் பெயர் சொல்லாத ஒரு நகரத்து ஓவியர் தம்பி டிசைன் அனுப்பினார். கொடைக்கானல் ஏரியில் விடியற்காலைப் பனி. கம்ப்யூட்டரில் போட்டது. வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிக்கொண்டே போகிறது, எங்கே வெள்ளை முடிந்தது என்று விரல் வைக்க முடியாது. கூடவே ஒரு நிற அட்டவணை: 64 நிறம். "அப்படியே வேணும் அக்கா" என்றார்.

64 நிறத்துக்கு 64 சாயப் பாத்திரம் யார் வைப்பது? பதினொன்றாகக் குறைத்தேன். எப்படி என்று கேட்டால் இப்படி. ஒரு தாரில் (ஊடை நூல் சுற்றுகிற குச்சி) ஒற்றைத் தடி நூலைச் சுற்றாமல் மூன்று மெல்லிய இழையைச் சேர்த்துச் சுற்றுவது. மூன்றும் வெள்ளை, அப்புறம் இரண்டு வெள்ளை ஒரு சாம்பல், அப்புறம் ஒரு வெள்ளை இரண்டு சாம்பல், கடைசியில் மூன்றும் சாம்பல். இரண்டே நிறத்தில் நாலு படி கிடைத்தது. அதுக்கும் நடுவே இன்னும் படி வேண்டுமென்றால் சீப்புப் பல் மாதிரி ஒரு நிறத்தை மற்றதுக்குள் நீளநீளமாக விட்டு வாங்குவது. ஆறடி தள்ளி நின்றால் கண் கலந்துகொள்ளும்.

ஓவியர் தம்பிக்குப் பிடிக்கவில்லை. "என் படத்தை மாத்திட்டீங்க" என்றார். வீடியோ காலில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தக் கறுப்பு செத்துப்போயிருக்கு, சாயம் சரியில்ல" என்றார். சாயத்தில் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும், காரணம் சொல்லத் தெரியவில்லை.

காரணத்தை ஒருத்தர் இருநூறு வருஷம் முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஷெவ்ரோல் என்ற வேதியியல்காரர், 1824இல் பாரிஸ் கோப்லேன் நெசவுச்சாலைக்குச் சாயப் பிரிவுத் தலைவராகப் போனார். அங்கேயும் இதே புகார்: கறுப்பு சரியில்லை. அவர் நூலைச் சோதித்துப் பார்த்தால் சாயம் ஒழுங்காகத்தான் ஏறியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகை பிடித்த மாதிரி காட்டுகின்றன. அதை வளர்த்து 1839இல் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றுவதைப் பற்றிப் பெரிய புத்தகமே போட்டார். என் கறுப்புக்குப் பக்கத்தில் இருந்தது அவுரி நீலம். ஒரு விரல் அகலத்துக்குப் பழுப்பை நடுவில் விட்டேன், கறுப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது. தம்பியிடம் இதைச் சொல்லவில்லை. "சாயம் மாத்திட்டேன்" என்றேன். சந்தோஷப்பட்டார்.

கண்காட்சியில் அந்தத் துண்டுக்குப் பக்கத்து அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. என் பெயரும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. "கம்பளி, பருத்தி" என்று போட்டிருந்தார்கள். ஆட்டுக்குக் கிடைத்த மரியாதை.

பிப்ரவரி 8

கேட்டவர்களுக்கு: ஊடையை அடித்து இறக்க நான் வைத்திருப்பது சாப்பிடுகிற முள்கரண்டி. திண்டுக்கல்லில் பாத்திரக் கடையில் எடை போட்டு வாங்கினது. ஏழு கரண்டி பார்த்தேன், பல் இடைவெளி என் பாவுக்கு ஒத்துவந்தது ஒன்றுதான். கடைக்காரர் "ஒண்ணே ஒண்ணா? வீட்டுல ஒருத்தர்தானா?" என்று பாவமாகப் பார்த்தார்.

பிப்ரவரி 12

"இங்கே நீலகிரியில் தோடர் பெண்கள் இந்த வேலை செய்கிறார்களே, அவர்களிடமே கொடுக்கலாமே" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் ஒரே பதில்.

தோடர் வேலை நெசவு கிடையாது. கீழ்நாட்டில் நெய்து வரும் தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் இழையை எண்ணி எண்ணிப் போடும் ஊசி வேலை. துணியை இழுத்துக் கட்டுகிற சட்டமும் கிடையாது, வரைந்துகொள்வதும் கிடையாது, எல்லாம் கண்ணும் விரலும். முடித்த வேலை நெசவு மாதிரியே தெரியும், அதனால்தான் ஆளாளுக்குத் தோடர் நெசவு என்கிறார்கள். பூத்துக்குளி என்கிற அவர்கள் போர்வையைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நெருக்கமாக எண்ண எனக்குப் பொறுமை வராது. அதுக்கு 2013இல் புவிசார் குறியீடு வந்தது. அந்தக் கோலங்கள் ஒரு சமூகத்தின் சடங்கோடும் சாவோடும் பின்னியவை. யாரோ ஓவியர் போய் "கொஞ்சம் மாடர்னாகப் போட்டுக் கொடுங்கள்" என்று கேட்பதுக்கு முன்னால் அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு நிறைய இருக்கிறது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வரவில்லை. உலகமே பேயூ டேப்ஸ்ட்ரி என்று கொண்டாடுகிற 70 மீட்டர் துணி லினனில் கம்பளி நூலால் போட்ட எம்பிராய்டரி. பெயர் ஒட்டிக்கொண்டது, ஆயிரம் வருஷத்துத் துணியிலிருந்து இனி யார் பிய்ப்பது.

பிப்ரவரி 19

ஓபுசோன் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் நீளமாக. நான் போனதில்லை. வாசித்ததும் பார்த்த படங்களும்தான்.

அங்கே தறி படுக்கை. பாவுக்கு அடியில் படத்தை விரித்துவைத்து, குனிந்தபடி பின்பக்கத்திலிருந்து நெய்வார்கள். முன்பக்கம் எப்படி வருகிறது என்று தெரிய, பாவுக்கு அடியில் கண்ணாடியை நுழைத்து எட்டிப் பார்க்க வேண்டும். படத்தையும் பக்கவாட்டில் திருப்பிப் போடுவது வழக்கம். நிற்கிற மரத்தைப் படுக்கவைத்து நெய்கிறார்கள். காரணம், பாவோடு நேராக ஓடும் நிற எல்லையில் இரண்டு நூலும் திரும்பிப்போவதால் பிளவு விழும், பிறகு உட்கார்ந்து தைக்க வேண்டும். மரம் அதிகமுள்ள படத்தை நிறுத்தியே நெய்தால் பிளவுதான் மிஞ்சும். கோப்லேனில் தறி நிற்கும். என் தறியும் நிற்பதுதான், தைல மரக் கழியில் ஆசாரி செய்து கொடுத்தது. அதனால் நான் கோப்லேன் வகையறா என்று பீற்றிக்கொள்ளலாம்.

1930களில் ஓபுசோனில் தொழில் படுத்துக் கிடந்தது. ஓவியத்தை அச்சாக நகலெடுக்கப் போய் நிறங்கள் பெருகி, கூலி ஏறி, வாங்க ஆளில்லை. கோப்லேன் சாயக்காரர்கள் 14,400 நிறச்சாயல் வரை அட்டவணை போட்டிருந்தார்கள். (அந்த அட்டவணையும் மேலே சொன்ன ஷெவ்ரோல் வேலைதான். நல்லவர், ஆனால் அளவு தெரியாதவர்.) ழான் லூர்சா என்ற ஓவியர் வந்து நிறங்களைச் சில டஜனுக்கு இறக்கினார். நூலைத் தடிமனாக்கினார். படத்தில் நிறம் தீட்டாமல் ஒவ்வொரு இடத்திலும் எண் போட்டுக் கொடுத்தார். எண்ணுக்கு ஒரு நூல். விலை இறங்கியது, ஊர் பிழைத்தது.

எண்ணைக் கண்டதும் எனக்கு எரிந்தது. நெசவாளி தன் கண்ணால் நிறம் தேர்ந்த காலம் போய், குழந்தைகள் எண் பார்த்து வண்ணம் அடிக்கிற மாதிரி ஆக்கிவிட்டாரே என்று.

இப்போது அங்கே நடப்பது என்னவென்றால்: 2009இல் ஓபுசோன் நெசவு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2010 முதல் கலைஞர்களிடம் டிசைன் கேட்டு அழைப்பு விடுகிறார்கள். தேர்ந்த டிசைனுக்குக் கலைஞருக்குப் பரிசு. ஆனால் அதோடு விடுவதில்லை. அந்த ஊர்ப் பக்கத்துப் பட்டறைகளிடம் அதை நெய்யவைத்து, நெசவுச் செலவையும் ஏற்று, முடிந்ததைத் தங்கள் சேகரிப்பில் வைத்துக்கொள்கிறார்கள். 2016இல் அதற்கென்று பெரிய கட்டிடமே திறந்தாயிற்று. முதல் வருஷம் பரிசு வாங்கியது ஒரு யூனிகார்ன் தோல். புலித்தோல் மாதிரி விரித்துப் போடுகிற தோல், உடம்பு நெய்தது, தலை பீங்கான். மரபுக்காரர்கள் மூர்ச்சை போட்டிருப்பார்கள். நெய்தவருக்குக் கூலி வந்தது.

நான் முதல் நாளிலிருந்து சொல்வது இதுதான். வரைகிறவருக்கு உதவுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நெய்கிற மாதங்களை விலைக்கு வாங்காமல் "புதிய படைப்புக்கு ஆதரவு" என்று சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 20

நேற்று எண்ணைப் பற்றி எழுதினது தூங்கவிடவில்லை. கானிச் சால்வைக்கு என்ன வைத்து நெய்கிறார்கள்? தாலிம் என்ற குறிப்பு. எந்த நிறம், எத்தனை இழை என்று சங்கேதத்தில் எழுதின தாள், ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் நெய்வதும் உண்டு. அதுவும் எண்தானே. அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவரை யாராவது கற்றுக்குட்டி என்பார்களா? எங்கள் அப்பாவே பட்டைக் கணக்கைச் சுவரில் கரிக்கோடாகத்தான் போட்டு வைத்திருந்தார்.

ஆகவே லூர்சாவிடம் மன்னிப்பு. பாதி மன்னிப்பு. எண் எழுதுகிற நேரத்தில் நெசவாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளா என்பதுதான் என் கேள்வி.

பிப்ரவரி 20, கொஞ்சம் கழித்து

புரவலர் இல்லாமலும் நடக்காது என்பதுக்கு நம் ஊர் உதாரணம் கோடாலிக்கருப்பூர். தஞ்சை மராட்டிய அரண்மனைக்கென்று தறியில் ஜரிகை நெய்து, அதன்மேல் கையால் மெழுகு எழுதிச் சாயம் ஏற்றின துணி. 1855இல் அந்த அரசு பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனது, வாங்க ஆளில்லை, கொஞ்ச காலத்தில் தறியும் நின்றது. இன்று பார்க்கவேண்டுமென்றால் மியூசியம். நெசவாளிக்கு வித்தை மறந்து நின்றதாக யாரும் சொல்லவில்லை.

மார்ச் 2

மழை இல்லை, வேலை இல்லை, கம்பளி பற்றி எழுதுகிறேன். டேப்ஸ்ட்ரியில் ஆர்வமில்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் 1965இலிருந்து இருக்கிறது. பாரத் மெரினோ ஆடு. நீலகிரியில் சாண்டிநல்லாவில் நீலகிரி இன ஆட்டுக்கு ஒரு பண்ணை. குளிர், புல், ஆடு எல்லாம் கையருகே இருக்கும்போது வடக்கிலிருந்து எதுக்கு நூல் வாங்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. மன்னவனூர்ப் பக்கம் ஆடு வைத்திருக்கும் ஒருவரிடம் பத்துக் கிலோ மெரினோ ரோமம் வாங்கி வந்தேன். அலசினால் கொழுப்பும் மண்ணும் புல்லும் போய் ஆறு கிலோகூடத் தேறவில்லை. அதில் ஒரு கிலோவை நானே கெடுத்தேன். சுடுதண்ணீரிலிருந்து எடுத்ததும் குழாய்த் தண்ணீரில் போட்டுக் கசக்கிவிட்டேன். கொடைக்கானல் ஜனவரிக் குழாய்த் தண்ணீர்! ரோமம் முழுக்கத் திரண்டு தோசைக்கல் அளவுக்கு ஒரே அடையாகிவிட்டது. பூனை அதன்மேல்தான் படுக்கிறது.

மிச்சத்தை நூற்று நெய்தேன். பஞ்சு மாதிரி இருந்தது. கன்னத்தில் வைத்தால் சொர்க்கம். சுவரில் மாட்டினால் நாலு மாதத்தில் மேலே பொடிப்பொடியாக உருண்டை கட்டிவிட்டது, எல்லைக் கோடெல்லாம் மசமச என்று. சால்வைக்கு ஆன கம்பளி சுவருக்கு ஆகாது. சித்திர நெசவுக்கு இழை நீளமாக, விறைப்பாக, கொஞ்சம் பளபளப்போடு இருக்க வேண்டும். கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் குறும்பை ஆட்டு ரோமம் இருக்கிறது. முரடு, கம்பளிப் போர்வைக்குத்தான் போகும், யாரும் மதிக்காத சரக்கு. அதில் கொஞ்சம் வாங்கிக் கலந்து நூற்றேன். குத்துகிறது, ஆனால் நிற்கிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷமும் ஒரு பவுனும் போனது.

சாயம்: வாட்டில் மரப்பட்டை இங்கே விறகுக்கு விறகு, களைக்குக் களை. சோலைக்குள் புகுந்து நாசம் பண்ணுகிற மரம், எத்தனை வெட்டினாலும் யாரும் திட்டமாட்டார்கள். பட்டையை ஊறவைத்துக் காய்ச்சினால் நல்ல பழுப்பு. சிவப்புக்கு நாட்டுமருந்துக் கடை மஞ்சிட்டி வேர், படிகாரம் ஏற்றின கம்பளியில். கொதிக்க விடக்கூடாது. பாத்திரத்து ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் விறகை இழுத்துவிட வேண்டும். ஒருநாள் போன் பேசிக்கொண்டே கொதிக்க விட்டேன், செங்கல் பொடி நிறம் வந்தது. அதுவும் ஒரு டிசைனில் மண் சுவராகப் போனது, வீணாகவில்லை.

மார்ச் 3

மேலே "ஒரு பவுன்" என்று எழுதினதை வீட்டுக்காரர் படித்துவிட்டார். அவருக்கு இதுவரை தெரியாது.

மார்ச் 15

திருத்தம், பெரிய திருத்தம். பிப்ரவரி 7இல் நான் எழுதின ஓவியர் தம்பி இதைப் படித்துவிட்டுப் போன் பண்ணினார். அரை மணி நேரம். அட்டையில் என் பெயரும் சேர்த்துத்தான் அவர் எழுதி அனுப்பினாராம், கண்காட்சி நடத்தினவர்கள் இடமில்லை என்று வெட்டிவிட்டார்களாம். மெயிலைக் காட்டினார். என் பெயரில் எழுத்துப் பிழை, ஆனால் இருந்தது. ஆக அந்தக் குற்றச்சாட்டை அவர்மேலிருந்து எடுக்கிறேன். 64 நிறம் அவர்மேலேயே இருக்கட்டும்.

பேச்சோடு பேச்சாக அவர் கேட்டார், "அக்கா, அந்தக் கறுப்பு, நெஜமா சாயம் மாத்துனீங்களா?" உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "அத அப்பவே சொல்லியிருந்தா நான் அடுத்த படம் வேற மாதிரி போட்டிருப்பேனே" என்றார். இது எனக்கு உறைத்தது. கண்ணை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று நான் கத்துகிறேன், கண்டதை மட்டும் அவரிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

பெயர் விஷயத்தில் ஓபுசோன் ஒழுங்கு எனக்குப் பிடிக்கிறது. பட்டறையின் அடையாளத்தைத் துணியிலேயே நெய்துவிடுவார்கள், அட்டை தொலைந்தாலும் அது தொலையாது. பின்பக்கம் ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்து, அதில் படைப்பின் பெயர், கலைஞர், பட்டறை, அளவு, எத்தனையாவது பிரதி, கலைஞர் கையெழுத்து. எட்டுப் பிரதி வரைதான். ஐரோப்பிய வரிச் சட்டத்திலேயே, கலைஞரின் டிசைனிலிருந்து கையால் நெய்தது எட்டுக்குள் இருந்தால் அது கலைப்படைப்பு.

மாறாகச் சண்டிகர் உயர் நீதிமன்றம். அந்தக் கட்டிடத்தை வடிவமைத்த லெ கார்பூசியே டிசைன் போட்ட ஒன்பது டேப்ஸ்ட்ரி, ஒன்று 144 சதுர மீட்டர், மற்ற எட்டும் தலா 64. எதிரொலி அடங்கவும் உதவும் என்று நீதிபதி இருக்கைக்குப் பின்னால் மாட்டினது. நெய்தது காஷ்மீரத்துக் கைகள். டிசைன் போட்டவர் பெயர் பள்ளிப் புத்தகம் வரை இருக்கிறது. நெய்தவர்களில் ஒருத்தர் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை.

மார்ச் 16

"நீங்களே வரைந்து நீங்களே நெய்யலாமே, இந்தச் சண்டையே இருக்காதே" என்கிறார் ஒருவர். செய்தவர்கள் உண்டு. 1962இல் சுவிட்சர்லாந்தில் லொசான் நகரத்தில் டேப்ஸ்ட்ரிக்கென்று ஒரு சர்வதேசக் கண்காட்சி தொடங்கினார்கள், 1995 வரை நடந்தது. தொடங்கினவர்களில் லூர்சாவும் ஒருவர். அங்கே போலந்திலிருந்து வந்த அபகனோவிச் போன்றவர்கள் படமே வரையாமல் தறியில் உட்கார்ந்து, பிறகு சுவரையும் விட்டுவிட்டு நடுக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தொங்கவிட்டார்கள். நம் மும்பையில் மோனிகா கொரியா. நெய்துகொண்டிருக்கும்போதே அச்சை (பாவு இழைகளைச் சீராகப் பிரித்து வைக்கிற சீப்பு) கழற்றிவிட்டுப் பாவு இழைகளை அதன் போக்கில் அலையவிடுவார். அச்சைக் கழற்றுவதா! எங்கள் அப்பா கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். ஆனால் அந்த யோசனை நெய்கிற கைக்கு மட்டும்தான் வரும்.

எனக்கு வரைய வராது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28

இரண்டு லட்சத்தை நான் என்றால் எப்படிச் செலவு செய்வேன் என்று முதலில் கேட்டவர் மறுபடி கேட்டிருக்கிறார். (கோபித்துக்கொள்ளாமல் கேட்டதுக்கு நன்றி.)

பெரிதாக ஒன்று வேண்டாம். 60க்கு 90 அளவில் நாலு துண்டு. ஒன்றுக்கு முப்பது நாள், நாளைக்கு 700 ரூபாய் என்று வையுங்கள், 21,000. நாலுக்கு 84,000. வரைகிறவர் நாலு பேர், ஆளுக்கு 15,000, ஆக 60,000. கம்பளி, சாயம், விறகு 20,000. மொத்தம் 1,64,000. மீதி 36,000 இருக்கிறதே, அதுதான் முக்கியம். அதைத் தோல்விக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு டிசைனுக்கும் முன்னால் கை அகலத்துக்கு நாலைந்து மாதிரி நெய்து பார்க்கிற செலவு. ஓவியர் அந்த ஒரு வாரம் தறிப் பக்கத்தில் உட்கார வேண்டும், பூம்பாறைக் குளிரில், என் வீட்டுக் காப்பியில். மாதிரியைப் பார்த்துவிட்டு அவர் படத்தை மாற்றினால் நல்லது. மாற்றவில்லை என்றாலும் எது முடியாது என்று தெரிந்துகொண்டு போவார்.

700 ரூபாய் அதிகம் என்று யாராவது எழுதினால் பதில் சொல்லமாட்டேன்.

மார்ச் 29

700 ரூபாய் அதிகம் என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள்.

ஏப்ரல் 11

அவர்கள் கூடிப் பேசினார்களாம். நாலு துண்டு வேண்டாம், முதலில் இரண்டு பார்க்கலாம் என்கிறார்கள். மாதிரிச் செலவுக்கு ஒருவர் முகம் சுளித்தாராம், "வேஸ்ட்டுக்குமா காசு" என்று. அவருக்குப் பூனை படுத்திருக்கும் அடையைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பெயர் இரண்டும் துணியிலேயே நெய்யலாம் என்பதுக்கு எல்லோரும் சரி சொன்னார்கள். அதுக்குக் காசு ஆகாது.

பக்கத்து வீட்டுப் பெண், பூண்டுத் தோட்டத்து வேலைக்குப் போகிறவள், சாயங்காலம் வந்து தறியைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "அக்கா, ஏன் நூலை இழுத்துப் பிடிக்காம வில்லு மாதிரி வளைச்சு விடுறீங்க?" என்று கேட்டாள். நேராக இழுத்தால் ஓரம் உள்ளே வாங்கிவிடும். என் முதல் துண்டு 60இல் ஆரம்பித்து 51இல் முடிந்தது, தலைகீழ் முறம் மாதிரி. அதை எடுத்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் அவளுக்கு. நாளையிலிருந்து ஒரு ஓரத்தை அவள் நெய்வதாகப் பேச்சு.

ஏப்ரல் 19

வரைய வராது என்றேன் இல்லையா. ஜன்னல் கண்ணாடியில் மழை இறங்குகிற கோடுகளைக் கரியால் போட்டுப் பாவுக்குப் பின்னால் கட்டிவிட்டேன். எல்லாம் நெட்டுக் கோடு, எல்லாம் பிளவு விழும். ஓபுசோன்காரர்கள் படுக்கவைத்திருப்பார்கள். நான் நிறுத்தியே நெய்கிறேன், பிளவையும் தைக்கப்போவதில்லை. பின்னால் ஜன்னல் வெளிச்சம் வரட்டும்.

நேற்று வரை பதினோரு சென்டிமீட்டர். இன்று நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. பருத்திப் பாவு ஈரம் குடித்து விறைத்துக்கொண்டு, ஊடை உட்காரவே இல்லை, மேலே நாலு சென்டிமீட்டர் அலையலையாக நிற்கிறது. பிரித்துவிட்டேன். பாக்கி ஏழு.